காத்தலும் மறைத்தலும்

பாசம் என்ற சொல் இன்றைய தமிழில் அன்பின் பெயர். தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம், பாசக்காரப் பிள்ளை என்று வீடுகளில் வழங்குவது அந்தப் பொருளில்தான். சைவ சித்தாந்தத்தில் அதே சொல் கயிற்றின் பெயர். பதி, பசு, பாசம் என்று அந்தத் தத்துவம் எண்ணும் முப்பொருளில் பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டி வைத்திருக்கும் தளை. எமன் கையில் இருப்பதும் பாசக்கயிறுதான். பிள்ளையை அணைக்கும் கைக்கும் உயிரைப் பிணிக்கும் கயிற்றுக்கும் மொழி ஒரே பெயரை வைத்திருக்கிறது. பிள்ளையை எதுவரை காப்பது, எப்போது விடுவது என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளில் அந்தக் கேள்வி இன்று கூர்மையாகியிருக்கிறது. பள்ளி வேன் வாசலுக்கு வருகிறது. இறங்குகிற பிள்ளையின் பையை அம்மா வாங்கிக்கொள்கிறார். டியூஷனுக்கு அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை தெருமுனையில் நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் தனியாகப் பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போனதே இல்லை என்பது இன்று குறையாகச் சொல்லப்படுவதில்லை, பெருமையாகவே சொல்லப்படுகிறது. இந்தக் கவலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. பிள்ளையைத் தனியாக விளையாடவும் பள்ளிக்கு நடந்து போகவும் விடுவதைப் புறக்கணிப்புக் குற்றமாகக் கருதக்கூடாது என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2018-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அங்கே அது சட்டத்தின் கேள்வி. இங்கே அதன் வேர் சமயத்தில் இருக்கிறது. அதை எழுப்பிப் பார்க்கத் திருவண்ணாமலையைப் போல் பொருத்தமான ஊர் வேறு இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனால் உலகமெங்கும் பெயர் தெரிந்த ஊர் அது.

சித்தாந்தத்தின் விடை உயிரின் இயல்பிலிருந்து தொடங்குகிறது. உயிர் அநாதி, அதற்குத் தொடக்கம் இல்லை. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பது உடம்பு. உயிரை அவர்கள் உண்டாக்குவதில்லை. ஒவ்வோர் உயிரும் தன் வினையோடு வருகிறது. தாயின் வினை வேறு, மகளின் வினை வேறு. மடியில் கிடக்கும் குழந்தை, தாயைப் போலவே தொடக்கமில்லாத பயணத்தில் இருக்கும் இன்னொரு பயணி. வயதில் இளையது, உயிரில் இளையது அல்ல. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் வரலாறு இதைக் கதையாகவே காட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தைத் தந்த அவரை மரபு சிறு குழந்தையாகவே காண்கிறது. அவருடைய தந்தைக்குக் குலகுருவாக இருந்த அருணந்தி சிவாசாரியார் அந்தக் குழந்தையிடம் மாணவராகச் சேர்ந்தார். வயதை வைத்து உயிரை அளக்கக்கூடாது என்பதற்குச் சைவம் இதைவிடத் துணிவான சான்று வைத்திருக்கவில்லை.

அடுத்த படி, உலகம் எதற்காக என்பது. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் — தனு, கரண, புவன, போகம் என்பவை — உயிர் அனுபவித்துப் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தவை. பக்குவத்துக்கு அனுபவத்தைத் தவிர வேறு வழி இல்லை. எல்லாம் வல்லவனாகிய பதிகூட உயிரின் அனுபவத்தைத் தானே அனுபவித்துத் தீர்த்துவிடுவதில்லை. வல்லமை குறைவு அதற்குக் காரணம் அல்ல. அப்படிச் செய்தால் உயிர் காயாகவே நின்றுவிடும். பிள்ளையின் இடத்தில் நின்று தானே பேசி, தானே முடிவெடுத்து, தானே சண்டை தீர்த்து, தானே மன்னிப்புக் கேட்கிற பெற்றோர், இறைவனே தன் வேலையாக எடுத்துக்கொள்ளாத ஒன்றைத் தம் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இறைவனின் தொழில் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஐந்தில் ஒன்றுதான் காத்தல். நான்காவதான மறைத்தலே இங்கு கவனிக்க வேண்டியது. திரோதானம் என்று வடமொழியில் சொல்லப்படும் இந்தத் தொழிலில் இறைவன் தன்னை உயிரிடமிருந்து ஒளித்துக்கொள்கிறான். அவன் எப்போதும் கண்முன் நின்றால் உயிர் உலகத்தில் கால் வைக்காது, தவறாது, கற்காது. அதனால் மறைத்தலைச் சித்தாந்திகள் தண்டனையாக எண்ணவில்லை. அருளின் ஒரு வகையாகவே கொண்டார்கள். நடராசர் திருமேனியை அருகில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த உருவத்தில் ஐந்தொழிலும் எங்கெங்கே இருக்கின்றன என்று திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் விளக்கியிருக்கிறார். படைத்தல் உடுக்கையில், காத்தல் அஞ்சாதே என்று காட்டும் கையில், அழித்தல் நெருப்பில், அருளல் தூக்கிய திருவடியில். மறைத்தல் ஊன்றிய திருவடியில். வழிபடுகிறவர்கள் கண் தூக்கிய பாதத்தில் நிற்கும். காக்கும் கையைப் பார்த்து மனம் ஆறும். ஆனால் சிலையின் எடை முழுவதையும் தாங்குவது முயலகன் மேல் ஊன்றிய அந்த வலது பாதம். ஆட்டம் மறைத்தலின் மேல் நிற்கிறது.

எட்டு வயது மகளிடம் பத்து ரூபாயைக் கொடுத்து, எதிர்ச்சாரிக் கடையில் கற்பூரம் வாங்கி வரச் சொல்கிற தாய் ஒருத்தியை மாட வீதியில் நினைத்துப் பார்க்கலாம். மகள் இரு பக்கமும் பார்க்கிறாள். ஓர் ஆட்டோ போகட்டும் என்று நிற்கிறாள். ஓடாமல் நடந்து தெருவைக் கடக்கிறாள். கடைக்காரர் பெரியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவள் குரலை உயர்த்தி ஒருமுறை கேட்கிறாள். சில்லறையை எண்ணி வாங்கி இறுக மூடிய கையோடு திரும்புகிறாள். தாய் அவ்வளவு நேரமும் பூக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மகளுக்கு அது தெரியாது. அவளைத் தனியே விட்டதும் இல்லை, கையைப் பிடித்ததும் இல்லை. மறைத்தல் என்று நூல் சொல்வது வீட்டு அளவில் இதுதான். தாயின் மறைவில் மகளுக்குக் கிடைத்தது பத்து ரூபாய்க் கற்பூரத்தைவிடப் பெரிது.

பிள்ளை தம்முடையது மட்டும் அல்ல என்ற எண்ணம் தமிழ்ச் சடங்குகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் கோயிலில் கொண்டுபோய்த் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்ற சொல் அப்படி வந்தது. குப்பையில் போட்டு எடுத்ததால் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சையாக வாங்கியதால் பிச்சை, பிச்சையம்மாள் என்றும் பெயர் வைத்தார்கள். சாவை ஏமாற்றுவதற்கான உபாயம் என்று மட்டும் இதைப் பார்ப்பது போதாது. தாய் ஒரு நொடி கையை விரித்துக் குழந்தையை விட்டாக வேண்டும்; அதற்குப் பிறகு அவள் கைக்கு வருவது தெய்வத்தின் பிள்ளை. வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவளுடையது, உரிமை முழுவதும் அவளுடையது அல்ல. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் தேர் நாளில் இதற்கு நெருங்கிய காட்சி ஒன்றைக் காணலாம். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் கிடத்தி மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். முன்னால் தகப்பன் தோளில் கரும்பின் ஒரு முனை, பின்னால் தாயின் தோளில் மறு முனை. தூளி நடைக்குத் தக்கபடி ஆடுகிறது. ஒரு சிறு கை சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நீள்கிறது. சுற்றிலும் லட்சக்கணக்கானோர் நெரிசல். தவமிருந்து பெற்ற குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளாமல், இருவர் தோளுக்கும் நடுவே, யார் கையிலும் இல்லாமல் ஆட விட்டு ஊருக்குக் காட்டுவதுதான் அங்கே நன்றிக்கடன்.

இலக்கியமும் இதே வரிசையைக் கண்டிருக்கிறது. பிள்ளைத்தமிழில் பருவம் பத்து. முதல் பருவம் காப்பு. தெய்வங்களை எல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்கச் சொல்வது. பிறகு செங்கீரை, தால், சப்பாணி, முத்தம். ஆறாவது வருகை. குழந்தை நடக்கத் தொடங்கும் பருவம். பாட்டில் தாய் சற்றுத் தள்ளி நின்று வா வா என்று அழைக்கிறாள். தூக்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பருவத்தைப் பாட முடியாது. கடைசி மூன்றில் ஆண் குழந்தை சிற்றில் சிதைக்கிறது, சிறுபறை கொட்டுகிறது, சிறுதேர் உருட்டுகிறது; பெண் குழந்தை அம்மானை ஆடுகிறாள், நீராடுகிறாள், ஊசலில் ஏறுகிறாள். காப்பு பத்தில் ஒன்று, அதுவும் முதலாவது. இரண்டாம் குலோத்துங்கன் மேல் ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பிள்ளைத்தமிழ் தொடங்கி இந்த வரிசை தமிழில் ஊன்றி நின்றிருக்கிறது. இன்றைய வீடுகள் பல, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகியும் காப்புப் பருவத்தையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கின்றன.

இனி அந்தப் பதினாறு வயதுப் பையன். வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை சுந்தரம் ஐயர் 1892-இல் இறந்தபோது குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் அண்ணன் நாகசுவாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்கள். 1896 ஜூலையில், நோய் எதுவும் இல்லாத ஒரு பகலில், சாவு வந்துவிட்டது என்ற பயம் பையனைப் பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. தரையில் பிணம்போல் படுத்து, செத்துப்போவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். பெரியவர் யாரேனும் அப்போது அறைக்குள் வந்திருந்தால் வைத்தியரைத்தான் அழைத்திருப்பார்கள். அன்று அந்த அறையில் யாரும் இல்லாதது இந்திய ஆன்மிக வரலாற்றின் பெரிய பேறுகளில் ஒன்று.

ஆகஸ்ட் 29-இல் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையைப் பாதியில் மூடிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்த தம்பியை அண்ணன் கடிந்துகொண்டார். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்பது அந்தப் பேச்சின் சாரம். அது சரிதான் என்று பையனுக்குத் தோன்றியது. சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துத் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி அண்ணன் சொன்னார். பையன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தகப்பனைத் தேடி அவர் கட்டளைப்படி புறப்படுவதாகவும், இது நல்ல காரியம் என்பதால் யாரும் வருந்த வேண்டாம் என்றும், தேடுவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றும் அதில் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. சம்பளம் கட்டப்படவில்லை என்பதை மறக்காமல் குறித்திருந்தார். வீட்டை விட்டுப் போகிறவர், அண்ணனின் பணத்துக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். பொறுப்பு அறியாத பிள்ளை செய்கிற காரியம் அல்ல இது.

ரயில் பாதையைப் பழைய வரைபடத்தில் பார்த்துத் திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பது உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. காசு இருந்த அளவுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, பிறகு அறையணிநல்லூருக்கு நடந்தார். கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமிச் சாப்பாடு கிடைத்தது. காதில் கிடந்த கடுக்கனை அங்கே நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை.

அறையணிநல்லூரில் இன்னொரு பிள்ளையின் நினைவும் இருக்கிறது. அண்ணாமலையைத் திருஞானசம்பந்தர் அங்கிருந்து கண்டு தொழுதார் என்பது மரபு. அந்தச் சம்பந்தரின் வரலாறும் தகப்பனின் கை விலகிய ஒரு கணத்தில்தான் தொடங்குகிறது. சீர்காழிக் குளத்தில் தந்தை நீருக்குள் மூழ்கி மறைந்தார். கரையில் மூன்று வயதுக் குழந்தை அவரைக் காணாமல் அழுதது. உமையம்மையின் பால் கிடைத்தது. தகப்பன் மறையாமல் நின்றிருந்தால் குழந்தை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்திருக்காது. அதற்குப் பிறகு நெடுங்காலம் மகனைத் தோளில் சுமந்தே தலங்களுக்கு அழைத்துப் போனார் தந்தை. திருவரத்துறைக்குப் போகும் வழியில் மகன் தோளைத் தவிர்த்துப் பிஞ்சுக் கால் நோக நடந்ததைச் சேக்கிழார் சொல்கிறார். அந்த நடைக்குப் பிறகுதான் முத்துச்சிவிகை வந்தது.

வேங்கடராமன் கதையில் பொதுவாகக் கவனிக்கப்படாத பகுதி, திருவண்ணாமலைக்கு வந்த பிறகு அவரைக் காத்தது யார் என்பது. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவர் மேல் ஊர்ப் பையன்கள் கல் எறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குள் போய் உட்கார்ந்தார். பூச்சி கடித்துத் தொடையில் புண்ணாகி ரத்தமும் சீழும் வடிந்தது. சேஷாத்திரி சுவாமிகள் பையன்களை விரட்டிக் காவல் இருந்தார். வேறு சிலர் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்து சுப்பிரமணியர் சந்நிதியில் கிடத்தினார்கள். அம்மன் அபிடேகப் பாலை ஒரு மௌன சுவாமி கொண்டுவந்து கொடுத்தார். பழனிசுவாமி என்ற மலையாளி பின்னாளில் நிழல்போல் கூடவே இருந்தார். பெற்றவளின் கை விட்ட இடத்தில் ஓர் ஊர் கை நீட்டியது. என்ன ஜாதி, யார் வீட்டுப் பிள்ளை, ஏன் பேசவில்லை என்று கேட்டுத் தொந்தரவு செய்யாமல் வாயில் ஒரு கவளம் ஊட்டியது. பிள்ளையின் சுதந்திரம் தனிமையில் பிறப்பதில்லை. ஊர் என்று ஒன்று இருந்தால்தான் வீடு பிடியைத் தளர்த்த முடியும். இன்று பெற்றோரின் பிடி இறுகியிருப்பதற்கு அவர்கள் மனம் மட்டும் காரணம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை நீ, இந்நேரம் இங்கே என்ன வேலை என்று கேட்கும் திண்ணைகள் போய்விட்டன. ஊர் பார்த்துக்கொண்ட வேலை முழுவதும் இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கிறது.

தாய் அழகம்மாள் 1898 டிசம்பரில் மகனைக் கண்டுபிடித்து, அவர் அப்போது இருந்த பவழக்குன்றுக்கு வந்தார். சடை பிடித்த தலை, நீண்ட நகம், கோவணம். வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். மகன் பேசவில்லை. அருகிலிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவரவர் பிராரப்தப்படி, அதாவது முன்வினைப்படி, அதற்குரியவன் நடத்துகிறான். நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நில்லாது என்பது அதன் கருத்து. தாய் மானாமதுரைக்குத் திரும்பினார்.

இந்த விடையை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. எல்லாம் வினைப்படி நடக்கும் என்றால் பிள்ளையின் கையை ரோட்டில் பிடிப்பதும் வீண், தடுப்பூசியும் வீண் என்று ஆகிவிடும். ரமணர் அப்படி வாழவில்லை. 1914-இல் தாய் அவரைப் பார்க்க வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, இரவும் பகலும் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார்; தாய் பிழைக்க வேண்டும் என்று அருணாசலத்தை நோக்கி நான்கு பாடல் எழுதினார். நடப்பது நடக்கும் என்று எழுதிய அதே கை. விரூபாட்சக் குகையில் இருந்த நாட்களில் கடிபட்டுக் கூட்டத்தால் கைவிடப்பட்ட ஒரு குரங்குக் குட்டியை எடுத்துப் பராமரித்தார். நொண்டி என்று அதற்குப் பெயர். குணமானபின் தன் கூட்டம் வந்தபோது அது கூட்டத்தோடு போயிற்று. பிறகு அதற்கே தலைவனும் ஆயிற்று. புண் இருக்கும்வரை மடி, ஆறியபின் மரம். காப்பாற்றுவதற்கும் கட்டிவைப்பதற்கும் உள்ள எல்லையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

குரங்கையும் பூனையையும் வைத்து வைணவம் நடத்திய வாதமும் இங்கே உதவும். குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவனே உயிரைக் கொண்டுபோவான் என்பது தென்கலையார் கொள்கை. முயற்சியா அருளா என்ற அந்த வழக்கு தீரவில்லை. ஆனால் இரண்டு உவமையும் பச்சைக் குட்டிகளைப் பற்றியவை. கண் திறந்து சில வாரத்தில் பூனை கவ்வுவதை நிறுத்திவிடுகிறது. கிரிவலப் பாதையில் குரங்குகளைப் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். வளர்ந்த குட்டி வயிற்றில் தொங்க வந்தால் தாய் தட்டி விடும். மனித உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவுக்கு அந்த உவமைகள் என்றும் பொருந்தலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் அவை ஒரு பருவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பயம் பொய்யானது என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவும் முடியாது. வேங்கடராமன் புறப்பட்டதுபோல் ஒரு பதினாறு வயதுப் பையன் இன்று புறப்பட்டால் சட்டத்தின் கண்ணில் அவன் காணாமல் போன குழந்தை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பதும் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதும் பெற்றோரின் கடமை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏழு வயதுக் குழந்தையின் கையை விடுகிறவர் தத்துவம் தெரிந்தவர் அல்ல, பொறுப்பில்லாதவர். செங்கல் சூளையிலும் கடையிலும் வேலைக்கு விடப்பட்ட பிள்ளை தனியாகப் பேருந்து ஏறத் தெரிந்திருப்பதைச் சுதந்திரம் என்று பாராட்டுவது கொடுமை. அதற்குக் கிடைக்காமல் போனது காப்புப் பருவம். எதிர்ப்பக்கத்தில், பத்தாம் வகுப்பு முடிந்ததும் மதிப்பெண்ணுக்காக விடுதிப் பள்ளியில் சேர்த்து, விடியற்காலை முதல் இரவு வரை மணி அடித்து உட்காரவைப்பதும் பிள்ளையைத் தன் காலில் நிற்க விடுவது ஆகாது. வீட்டின் கயிற்றை வேறொரு கையில் கொடுப்பதே அது. வேங்கடராமனை முன்மாதிரியாக எந்தப் பெற்றோரும் பின்பற்ற முடியாது. அவர் யாரும் கொடுத்த சுதந்திரத்தை வாங்கிக்கொண்டு போனவரும் அல்ல. அவர் கதை காட்டுவது வேறு. தங்கள் பிள்ளையின் உயிர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. எந்த வீட்டிலும் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பயம் இரட்டிப்பாகிறது. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அண்ணனுக்குப் பத்து வயதில் கிடைக்கும் தெரு, தங்கைக்குப் பதினைந்திலும் கிடைக்காதபோது அங்கே வேலை செய்வது பயம் மட்டும் அல்ல, உடைமை எண்ணம். அழகம்மாள் அழுத அதே பவழக்குன்றைப் பற்றித் தலபுராணம் சொல்வது இதற்கு நேர் விடை. பிரிந்து வந்த பார்வதி கௌதமரின் வழிகாட்டலில் அங்கே தவம் செய்தாள். அதன் பிறகே சிவனின் இடப்பாகத்தைப் பெற்றாள். ஆண்டில் ஒரே ஒரு மாலை, தீபம் ஏற்றும் நேரத்தில், அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் வெளியே வந்து காட்சி கொடுத்து உள்ளே போய்விடுகிறார். அந்தப் பாதியை அவளுக்கு யாரும் வீட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. மலையடிவாரத்தில் தனியே நின்று சம்பாதித்தாள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பின்னர் மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது. சீருடையில் நாலைந்து பேராகச் சேர்ந்து மிதித்துப் போகும் பெண்களை எல்லா ஊர்ச் சாலையிலும் இன்று பார்க்கலாம். ஒருத்திக்குப் பயமாக இருக்கும் சாலை ஐந்து பேருக்குப் பழகிவிடுகிறது. ஊர் செய்த வேலையைத் தோழிகள் செய்கிறார்கள்.

பெற்றோரின் பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் உண்டு, வெளியே சொல்வதில்லை. விட்டால் திரும்பி வரமாட்டான் என்பது அது. கடைசிக் காலத்தில் யார் இருப்பார்கள் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது. வீட்டைத் துறந்த பிள்ளைகளைப் பற்றி மரபு சொல்லும் கதைகள் இந்த இடத்தில் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன. துறவியான ஆதிசங்கரர் தாயின் முடிவுக்கு வந்து ஈமக்கடன் செய்தார். எல்லாவற்றையும் உதறிய பட்டினத்தார் தாயின் சிதைக்கு வந்து நின்றார். அழகம்மாள் 1916-இல் திருவண்ணாமலைக்கே வந்து மகனோடு தங்கினார். மலைமேல் அடுப்பு மூட்டினார். ஒருமுறை அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது மகன் அப்பளப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 1922 மே 19 அன்று தாயின் கடைசி மூச்சு வரை, ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து மகன் உட்கார்ந்திருந்தார். தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றித்தான் வளர்ந்தது.

திருவண்ணாமலைக் கோயில் இதே கதையை இறைவனையே பிள்ளையாக வைத்து ஆண்டுதோறும் நடத்துகிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். 1340-களின் தொடக்கத்தில் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் இறந்தவன். அவனுக்குப் பிள்ளை இல்லை என்கிறது தலபுராணம். அதன்படி இறைவன் குழந்தையாகி அவன் வீட்டில் தோன்றினான், மன்னன் ஆசையோடு எடுத்து அணைக்கப் போனான், குழந்தை மறைந்தது. மகன் செய்ய வேண்டியதைத் தானே செய்வதாக வாக்கு மட்டும் மிஞ்சியது. தை மாதம் அண்ணாமலையார் மணலூர்பேட்டையில் தென்பெண்ணையாற்றுத் தீர்த்தவாரிக்குப் போகிறார். திரும்பும் வழியில் தகப்பன் இறந்த செய்தி வந்து சேர்கிறது. மேளதாளம் இல்லாமல் ஊருக்குள் வருகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.